மடங்கள் பெயரில் மட்டும் இருக்கும் சாலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே நாளில் இராமேஸ்வரம் போய்த் திரும்புவது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பயணக் குறிப்பு வந்திருந்தது. விடியுமுன் கிளம்ப வேண்டும், வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது, இராமநாதபுரம் தாண்டினால் பாம்பன் பாலம் வரைக்கும் பார்க்க ஒன்றும் கிடையாது என்பது அதன் சாரம். அதை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓடுகிற வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தச் சாலை அப்படித்தான் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்ட என் குடும்பம் கடைசி வரை இராமேஸ்வரம் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு நாளில் பார்த்ததையும், அதனால் எனக்குள் எழுந்த ஒரு கோரிக்கையையும் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பரமக்குடியை அடுத்த எமனேஸ்வரத்தில் கைத்தறி நெசவாளன். 41 ஆண்டுகளாகத் தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்திருக்கிறேன். வருடத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே போவது எங்கள் வழக்கம். இந்த முறை பங்குனிக் கடைசி ஞாயிறு. என் அக்கா, தங்கச்சி, மனைவி, ஒன்பது வயதுப் பேரன் ஆகியோரோடு பக்கத்துத் தெருத் தம்பி ஒருவருடைய வேனில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். இராமேஸ்வரம் இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். பத்து மணிக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

வைகைப் பாலம் ஏறும்போதே பேரன் கேட்டான்: "தாத்தா, நம் ஆறு எங்கே போய் முடிகிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பாலத்தை எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன்! சித்திரையில் அழகர் இறங்குவது இந்த மணலில்தான். வைகைத் தண்ணீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும், கடலுக்குப் போகாது என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை அவனிடமும் சொன்னேன். வண்டி ஓட்டிய தம்பிதான், "இல்லை ஐயா, கண்மாய் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் கடலுக்குப் போகும். ஆற்றங்கரை என்றே ஓர் ஊர் இருக்கிறது. நான் போனதில்லை" என்றார். அக்கா முன் இருக்கையில் இருந்தார். வயது 67, முழங்கால் வலி. "போகிற வழிதானே, பார்த்துவிட்டுப் போகலாம்" என்றார். அக்கா சொன்ன பிறகு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

சத்திரக்குடிப் பக்கம் களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் செய்தியாகப் படித்திருப்பீர்கள். வெயில் ஏறாத நேரத்தில், பனி ஈரம் இன்னும் விடாத அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டும். சாயப் பட்டறையில் நூலை முக்கி எடுத்து உதறும்போது வரும் சிவப்பு அது. உருண்டையாக, தடித்த தோலோடு, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். அக்கா இரண்டு கிலோ வாங்கினார். பிறகு நாள் முழுக்க வேனுக்குள் எல்லோரும் தும்மினோம்.

இனி நான் சொல்லப்போவதைப் பெண்கள் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதால் நானே சொல்கிறேன்.

இராமநாதபுரம் தாண்டியதும் தங்கச்சிக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருந்தார். இன்னொரு இடத்தில் கதவு மட்டும் இருந்தது, தண்ணீர் இல்லை. கடைசியில் பனைக்குளம் போகும் சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, தங்கச்சியும் என் மனைவியும் சீமைக் கருவேலப் புதருக்குப் பின்னால் போனார்கள். திரும்பும்போது தங்கச்சி நொண்டினாள். கருவேல முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஒடிந்து நின்றுவிட்டது. 55 வயதில், பேரப் பிள்ளைகள் எடுத்த ஒருத்தி, பட்டப் பகலில் முள்ளுக்குள் ஒளிய வேண்டியிருந்ததை நினைத்து அவள் அழுதாள். முள் வலியில் அழுகிறாள் என்று பேரன் நினைத்துக்கொண்டான்.

பனைக்குளத்தில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நிறுத்தினோம். அந்த வீட்டு அம்மா தங்கச்சியின் நடையைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. "உள்ளே வாருங்கள் அக்கா" என்று கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தார். ஊசியை நெருப்பில் காட்டி முள்ளை எடுத்து, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்தார். பெண்கள் மூவரையும் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் குளியலறையைக் காட்டினார். தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லையே என்று இன்று வரை மனம் குறைபடுகிறது. தங்கச்சிக்கு மட்டும் அந்த வீட்டின் அடையாளம் நன்றாகத் தெரியும்: நீலக் கதவு, வாசலில் ஒரு மாதுளை.

அழகன்குளம் அடுத்து வந்தது. ஊருக்குள் போகும்போது வேறெந்தக் கடற்கரைக் கிராமத்தையும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மண்ணுக்கடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களிலேயே அகழாய்வைத் தொடங்கி, பிறகு 2016-17-லும் தோண்டியது. உரோமானியக் காசுகள், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடித் துண்டுகள், தமிழி எழுத்துக் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. கப்பல் ஒன்றைக் கோட்டோவியமாகக் கீறிய ஓடும் கிடைத்தது. இதை நான் பேரனுக்குச் சொன்னபோது, "கப்பலைப் பார்த்துக்கொண்டே வரைந்திருப்பார்களா?" என்று கேட்டான். அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆறு கடலைத் தொடும் இடத்தில், கரையில் உட்கார்ந்து, வந்து நிற்கும் கப்பலைப் பார்த்துப் பானை ஓட்டில் கீறியவருடைய கை எப்படியிருந்திருக்கும் என்று நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை பெருமை உள்ள ஊருக்கு நெடுஞ்சாலையில் திரும்பும் இடத்தில் வழிகாட்டும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. இரண்டு இடத்தில் கேட்டுக் கேட்டுத்தான் வந்து சேர்ந்தோம்.

ஆற்றங்கரையில் சாலை முடிந்த இடத்தில் இறங்கினோம். எதிரே பாக் நீரிணைக் கடல், அலையே இல்லாமல் தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடந்தது. ஆறு வந்து சேரும் இடத்தில் மணல் திட்டு; அதற்கு இந்தப் பக்கம் தேங்கிய நீர். நாட்டுப் படகுகள் சில கட்டிக் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அக்கா கேட்டார்: "ஐயா, இதுதான் வைகையா?"

"இதுதான் அம்மா. மழைக் காலத்தில் வாருங்கள், செந்தண்ணீர் வரும். இப்போது இருப்பதெல்லாம் கடல் தண்ணீர்."

அக்கா முழங்கால் வலியோடு குனிந்து கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். உப்பு. துப்பவில்லை, விழுங்கிவிட்டார். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வந்த ஆறு, எங்கள் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போகிற ஆறு, எங்கள் அப்பா நூல் அலசிய ஆறு இங்கே வந்து இப்படி அமைதியாக முடிகிறது. நாங்கள் ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றோம். காலை ஒன்பதரைக்கே வெயில் சுட்டது. நிற்க ஒரு மர நிழல்கூட அருகில் இல்லை, இருந்தாலும் யாருக்கும் கிளம்ப மனம் வரவில்லை. இராமேஸ்வரத்துக்கு நேரமாகிறது என்று நான்தான் நினைவூட்டினேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "இராமேஸ்வரம் எங்கேயும் போய்விடாது" என்றார்.

சுற்றி வந்து உச்சிப்புளியில் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். அங்கிருந்து மண்டபம் வரை ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: பிறப்பன்வலசை, குஞ்சார்வலசை என்று வலசைகள். எங்கிருந்தோ இடம்பெயர்ந்து வந்து தங்கியவர்களின் ஊர்கள். சாலையோரப் பனைகளுக்கு அடியில் கீற்றுப் பந்தல் போட்டு ஒரு பாட்டி ஓலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மண் பானையில் பதநீர். ஆளுக்கு ஒரு குவளை வாங்கிக் குடித்தோம். பேரன் ஓலைக் கிலுகிலுப்பை ஒன்றை எடுத்துக்கொண்டான்.

நான் ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, ஓரம் எப்படி மடித்து முடித்திருக்கிறது என்று பார்த்தேன். பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் தறிக்காரரா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "எல்லோரும் விலையைக் கேட்பார்கள். நீங்கள் ஓரத்தைப் பார்த்தீர்கள்."

அரை மணி நேரம் அவர் அருகில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்துக்குக் கிழிக்கிறார். அளவுகோல் கிடையாது, கட்டை விரல் நகம்தான் அளவு. எங்களுக்குப் பாவு நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும், ஊடை குறுக்கே, நூல் சுமந்து ஓடும் நாடாவில் போகும். அவருக்குப் பாவும் ஊடையும் ஒன்றுதான். ஓர் ஓலை மேலே போகும்போது பாவு, அடுத்த வரிசையில் திரும்பும்போது அதுவே ஊடை. தறி இல்லை, அச்சு இல்லை, பாவு நூலைத் தூக்கும் விழுது இல்லை. பத்து விரலும் இரண்டு கால் பெருவிரலும்தான். இந்த வேலையைத் தமக்குப் பிறகு செய்ய வீட்டில் யாரும் இல்லை என்றார். எங்கள் தெருவிலும் அதே கதைதான் என்றேன். இரண்டு பேரும் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்கு பெட்டி வாங்கினேன். பேரம் பேசவில்லை, ஓலையும் ஓரமும் அப்படிப்பட்ட வேலை.

ஐயா, அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. காலையில் சத்திரக்குடி கடந்தோம். அடுத்து வரப்போவது மண்டபம். பாலம் தாண்டினால் அக்காள்மடம், அதற்கடுத்து தங்கச்சிமடம். சத்திரம், மண்டபம், மடம். இந்தச் சாலையின் ஊர்ப் பெயர்களில் பாதி, உட்கார்ந்துவிட்டுப் போ என்று சொல்கிற பெயர்கள். வடக்கேயிருந்து கால்நடையாக சேதுவுக்கு வந்தவர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிய நாடு இது. இதை ஆண்ட மன்னர்களின் சேதுபதி என்ற பட்டமே சேதுவைக் காப்பவர் என்ற பொருளில் வந்தது. சேதுவைக் காப்பது என்றால் அங்கே நடந்து வருகிறவர்களையும் காப்பதுதான். மாதக்கணக்கில் நடந்து வந்தவருக்குக் கஞ்சியும் கூரையும் கிடைத்த சாலையில், இன்று வேனில் வரும் பெண்ணுக்குப் பூட்டாத ஒரு கதவு கிடைக்கவில்லை.

மண்டபத்தில் இறங்கிக் கருவாடு வாங்கினோம். மண்டபம் முகாம் பக்கமாகப் போகையில் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைக் கப்பலேற்றுமுன் தனிமைப்படுத்தித் தங்கவைத்த இடம் அது. பின்னாளில் இலங்கையிலிருந்து அகதிகளாகத் திரும்பியவர்களுக்கும் அதுதான் தங்குமிடமானது. எங்கள் அம்மா வழியில் ஒரு குடும்பம் அப்படிப் போய்த் திரும்பி வராமலே இருந்துவிட்டது என்று அக்கா சொன்னார். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

பாம்பன் பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் மெதுவாகப் போகும்போது பக்கத்தில் புதிய இரயில் பாலம். 2025 ஏப்ரல் 6-இல் திறந்தார்கள். 1914-ஆம் ஆண்டுப் பழைய பாலத்தில் கப்பல் போக இரண்டு கைகள் அண்ணாந்து விரிந்தன, புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு கிடைமட்டமாகவே 17 மீட்டர் மேலே ஏறுகிறது. இதைப் பேரனுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குச் சிரமமே இல்லை. மிதியை மிதித்தால் விழுது இரண்டு முனையும் சமமாக மேலே ஏறி, நாடா ஓட வழி விடுகிறதல்லவா, அதேதான் என்றேன். நாடாவுக்குப் பதில் கப்பல். அவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அக்காள்மடம் பெயர்ப்பலகை வந்ததும் தங்கச்சி வண்டியை நிறுத்தச் சொன்னாள். பலகைக்கு அடியில் அக்காவை நிறுத்திப் படம் எடுத்தோம். சற்றுத் தொலைவில் தங்கச்சிமடம் பலகைக்கு அடியில், கட்டுப் போட்ட காலோடு அவள். சேதுபதி காலத்தில் இரண்டு சகோதரிகளின் பெயரால் எழுந்த மடங்கள் என்று அங்கே சொல்கிறார்கள்.

தங்கச்சிமடத்தில் சாலையோரத் தோட்டம் ஒன்றில் மல்லிகை நாற்றுகளைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். நாம் மதுரை மல்லி என்கிறோமே, அந்தச் செடிகளில் பெரும்பகுதி இந்தத் தீவு மணலில் வேர்விட்டுப் போனவைதான். பதியனிட்டு வேர் பிடித்ததும் பிடுங்கி, கட்டி, மதுரைக்கும் இன்னும் பல ஊர்களுக்கும் அனுப்புகிறார்கள். என் மனைவி பத்து நாற்று கேட்டாள். தோட்டக்காரர் தயங்கினார். "வெயில் கடுமையாக இருக்கிறது அம்மா. ஆடி கழித்து வாருங்கள், நல்ல நாற்றாகத் தருகிறேன்" என்றார். விற்பனையை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை எத்தனை இடத்தில் பார்த்திருப்போம்? அவள் விடாமல் கேட்க, ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார்.

அவர்தான் வில்லூண்டித் தீர்த்தத்துக்கு வழி சொன்னார். சீதையின் தாகம் தீர இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது நம்பிக்கை. கரையிலிருந்து பாலம் போட்டிருக்கிறார்கள்; சுற்றிலும் கடல், நடுவில் கிணறு. வாளியில் இறைத்த தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. காலையில் ஆற்றின் வாயில் உப்பைக் குடித்த அக்கா, மாலையில் கடலின் நடுவே நல்ல தண்ணீர் குடித்தார். இரண்டு கையாலும் முகத்தில் அறைந்துகொண்டு, "இதுவும் தீர்த்தம்தானே தம்பி? என் காலுக்கு இது போதும். வீட்டுக்குப் போகலாம்" என்றார். இராமேஸ்வரம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. கோயில் இருந்த திசையைப் பார்த்து அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை வழியாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை சிறியது. சத்திரக்குடியிலிருந்து தங்கச்சிமடம் வரை, மடம் என்றும் மண்டபம் என்றும் பெயர் வைத்திருக்கும் ஒவ்வோர் ஊரிலும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். தண்ணீரோடு, பகலிலும் இரவிலும் திறந்திருக்கும்படி, காவலுக்கு அந்த ஊர்ப் பெண் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்து. பக்கத்தில் வேம்போ புங்கனோ நட்டு ஒரு திண்ணை கட்டட்டும். அழகன்குளத்துக்கும் ஆற்றங்கரைக்கும் வில்லூண்டிக்கும் திரும்பும் இடங்களில், ஓடும் வண்டியிலிருந்து படிக்கும் அளவுக்குத் தமிழில் பெரிய பலகை வைக்கட்டும். சாலையை அகலப்படுத்தும்போது ஓலைப் பெட்டிப் பாட்டியின் பந்தலுக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகு அளக்கட்டும். எதுவும் பெரிய செலவில்லை. அடுத்த முறை பயணக் குறிப்பு போடும்போது, எங்கே நிறுத்தலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

பத்து நாற்றில் ஏழு துளிர் விட்டிருக்கின்றன. தோட்டக்காரர் சொன்னபடி ஆடி கழிந்ததும் மறுபடி போகிறோம். பனைக்குளத்து நீலக் கதவு வீட்டு அம்மாவுக்கென்று தங்கச்சி ஒரு சேலை கேட்டிருக்கிறாள். மாதுளம்பூ நிறம். பாவு ஏற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு கைத்தறி நெசவாளர்,
எமனேஸ்வரம், பரமக்குடி.